ஒரே சுவரில் சமபந்தி

சித்திரம் வந்த வழி: வரலாற்றுத் தொடர் – 14

சென்ற அத்தியாயத்தை மதராஸ் குலுக்கலோடு நிறுத்தியிருந்தேன். திப்புவோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் 1792இல் பாராமகாலும் சேலம் சீமையும் கும்பினியார் கைக்கு வந்தன. அந்தச் சூட்டோடு ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் பல்லக்கும் தூக்காளுமாகப் புறப்பட்டு ஓசூர், ராயக்கோட்டை, திருச்சி, மதுரை, பாபநாசம் என்று வரைந்துகொண்டே போனார்கள். 1793இல் மதராசுக்குத் திரும்பி, வரைந்த எண்ணெய் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்றார்கள். பிறகு லண்டனில் அவர்களுடைய இந்தியப் பயணங்கள் எல்லாம் சேர்ந்து 144 வண்ண அச்சுப் படங்களாக வெளியாயின. நம் குன்றுகளும் கோபுரங்களும் இப்படித்தான் ஆங்கிலேயர் வீட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த அத்தியாயம் வந்த வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருந்தேன். கொல்லிமலை மிளகும் மல்லியும் சீரகமும் கடுகும் வருஷத்துக்கு வேண்டிய அளவுக்கு மூட்டையாகக் கட்டிப் போக வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிற சந்தை. எனக்குப் பழக்கமான மளிகை வியாபாரி ஒருவர் இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர். நாலு மிளகை உள்ளங்கையில் வைத்து நசுக்கி என் மூக்கருகே நீட்டியபடியே கேட்டார்:

“ஏனுங்க சார், அவங்க வந்து நம்ம மலைய வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க, சரி. அவங்க ஊர்ப் படம் எப்பவாச்சும் இங்க வந்து, நாம பாத்து, இது நல்லாருக்குது, இது நல்லால்லைன்னு சொன்னதுண்டுங்களா?”

இந்த அத்தியாயம் அவருக்கான பதில். உண்டு. ஆனால் அதற்கு 1922 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடந்த இடமும் நம் மதராஸ் அல்ல, கல்கத்தா.

ஐரோப்பியப் படங்கள் அதற்கு முன்பு இங்கே வராமல் இல்லை. கவர்னர்களும் தளபதிகளும் ஆளுயரச் சட்டங்களுக்குள் நின்றபடி மதராஸ் விருந்து மண்டபத்தை, இன்று நாம் ராஜாஜி மண்டபம் என்கிற அதே கட்டடத்தை, அலங்கரித்தார்கள். அவை பார்ப்பதற்காக மாட்டப்பட்டவை அல்ல. அண்ணாந்து நின்று பணிவதற்காக மாட்டப்பட்டவை. அப்படிப்பட்ட படத்தின் முன்னே நின்று நல்லாருக்குது, நல்லால்லை என்று யார் சொல்ல முடியும்?

கண்காட்சிகளும் நடந்தன. 1873இல் மதராஸ் நுண்கலைக் கண்காட்சியில் ரவிவர்மாவின் நாயர் பெண் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்த கதையை ஒன்பதாம் அத்தியாயத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். 1911 டிசம்பரில் டில்லி தர்பார் கூடியபோது நம் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையும் இதே வழியில் போனார். பின்னாளில் நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்தவர், தமிழ்நாட்டின் முதல் அரசவைக் கவிஞர். கவிதையால் பேர் வருவதற்கு முன்னால் அவர் பிழைத்தது தூரிகையால்தான். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டை ஒட்டிப் படம் வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார்.

அந்தப் பதக்கங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெள்ளைக்கார மாணவர்களுக்கு வகுத்த இலக்கணத்தைத் தானே கற்றுக்கொண்டு, அதே இலக்கணத்தில் அவர்களையே வியக்கவைப்பது சாமானியமான காரியமா? ஆனாலும் பதக்கம் என்றால் கொடுக்கும் கை ஒன்று மேலே இருக்கும், வாங்கும் கை ஒன்று கீழே இருக்கும். படம் நம்முடையது, நல்லது கெட்டது சொல்லும் வாய் அவர்களுடையது. சுமார் ஐம்பது வருஷம் இந்த நிலை மாறவில்லை.

கல்கத்தாவில் முதல் உடைப்பு வேறு விதமாக வந்தது. ஈ.பி. ஹேவல் என்ற ஆங்கிலேயர் 1884இல் மதராஸ் கலைப்பள்ளிக்கு மேற்பார்வையாளராக வந்து, பிறகு 1896இல் கல்கத்தா கலைப்பள்ளிக்குப் போனவர். அங்கே அரசாங்கக் கலைக்கூடத்தில் தொங்கிய ஐரோப்பியப் படங்களை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் முகலாயச் சிற்றோவியங்களையும் இந்தியக் கலைப் பொருள்களையும் வைத்தார். மாணவர்களே கொதித்தெழுந்தார்கள். இவர் நமக்கு ஐரோப்பியப் படிப்பைக் கொடுக்காமல் ஏய்க்கிறார் என்பது அவர்கள் ஆத்திரம். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஹேவல் இறக்கியதிலும் நியாயம் இருந்தது. ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் ஹேவலோடு நின்றார். அவனீந்திரநாத்தும் அவர் அண்ணன் ககனேந்திரநாத்தும் முன்னின்று 1907இல் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் உருவானது. ஐரோப்பியப் பாணி வேண்டாம், நம் கண்ணால் நம் உலகத்தைப் பார்ப்போம் என்று கிளம்பிய கூட்டம் அது.

அந்தச் சங்கம்தான் பதினைந்து வருஷம் கழித்து ஐரோப்பியப் படங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தது. அழைத்தது லண்டனை அல்ல. ஜெர்மனியின் வைமார் நகரத்தை.

வைமாரில் 1919இல் வால்டர் க்ரோபியஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு பள்ளி தொடங்கினார். பௌஹவுஸ் என்று பெயர். தச்சும் நெசவும் மண்வனைதலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழே கற்பிக்கப்படும். ஓவியன் உயர்ந்தவன், தச்சன் தாழ்ந்தவன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நம் ஸ்தபதியும் தச்சரும் கேட்டால் இதில் என்ன புதுமை என்பார்கள். போரில் தோற்று நொறுங்கிப்போன ஒரு நாட்டில் அது பெரிய புதுமை. யோஹன்னஸ் இட்டன் தொடக்க வகுப்பை நடத்தினார். 1921இல் பால் க்ளே ஆசிரியராகச் சேர்ந்தார். மறுவருஷம் வாஸிலி காண்டின்ஸ்கி வந்தார். லியோனல் ஃபைனிங்கர் அச்சுப் பட்டறையைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு இந்தப் பெயர்களில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் கோடிகளில் விலை போகிறது. அன்றைக்கு அவர்கள் மாதச் சம்பளத்துக்குத் தவித்த வாத்தியார்கள். 1922 கடைசியில் ஒரு டாலர் வாங்க 7,000 மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் அந்த மார்க் காகிதமாகவே போய்விட்டது.

வைமாருக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே பாலம் போட்டவர் ஒரு பெண். ஸ்டெல்லா க்ராம்ரிஷ், 1896இல் பிறந்தவர், வியன்னாவில் கலை வரலாறு படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். இந்தியச் சிற்பத்தில் மனம் பறிகொடுத்து, ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனுக்குப் பாடம் சொல்ல வந்து சேர்ந்தார். வியன்னாவில் இட்டனின் பெயர் பரிச்சயமான வட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் யாருக்கு எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1922 மே மாதம் வைமாருக்குக் கடிதம் போனது. 1921இல் தாகூரும் ஜெர்மனிக்குப் போய் ஊர் ஊராகப் பேசிவிட்டு வந்திருந்ததால் கல்கத்தா என்ற பெயரும் அவர்களுக்கு அந்நியமாக இல்லை. வைமார்க்காரர்கள் நீர்வண்ணப் படங்களையும் கோட்டோவியங்களையும் மரச்செதுக்கு அச்சுகளையும் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள்.

1922 டிசம்பரில் சங்கத்தின் பதினான்காம் ஆண்டுக் கண்காட்சி கல்கத்தா சமவாய மாளிகையில் திறந்தது. க்ளே, காண்டின்ஸ்கி, இட்டன், ஃபைனிங்கர், கெர்ஹார்ட் மார்க்ஸ், ஜியார்க் முகெ, லோதர் ஷ்ரேயர் ஆகியோரின் படங்கள் அங்கே இருந்தன. சோஃபி கோர்னர், மார்கிட் டெரி ஆட்லர் என்ற இரண்டு பெண்களின் படங்களும் இருந்தன. அதே கண்காட்சியில் அவனீந்திரநாத், ககனேந்திரநாத், நந்தலால் போஸ், சுனயனி தேவி.

வாசகர் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். வைமாரில் பௌஹவுஸ் தன் சொந்த ஊரில் பெரிய கண்காட்சி நடத்தியது 1923 ஆகஸ்டில். அதற்கு எட்டு மாதம் முன்பே கல்கத்தாவாசிகள் அந்தப் படங்களைக் கண்ணாரக் கண்டுவிட்டார்கள். பாரிசில் பார்த்து, லண்டனில் பார்த்து, எல்லாரும் பார்த்து முடித்த பிறகு ஆறிப்போய் நமக்கு வந்த சரக்கு அல்ல அது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே இலையில் விழுந்தது.

இலை என்று தற்செயலாகச் சொல்லவில்லை. நான் அந்தக் கண்காட்சியைச் சமபந்தி என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். யாரும் யாருக்கும் பதக்கம் கொடுக்கவில்லை. அழைத்தவர்கள் நாம். வந்தவர்கள் விருந்தாளிகள். ஒரே கூடத்தில், ஒரே கூட்டத்தின் பார்வைக்கு, இரண்டு தேசத்துப் படங்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தன.

யார் பக்கத்தில் யார் என்று பார்த்தால் அதன் அழகு இன்னும் புரியும். ககனேந்திரநாத் அந்தச் சமயத்தில் வெளிச்சத்தை உடைத்து வரைந்துகொண்டிருந்தார். மாடிப்படி, வாசல், உள்ளறை எல்லாம் பட்டை தீட்டின கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல முக்கோணமும் சதுரமுமாகச் சிதறி நிற்கும். பிக்காஸோவும் பிராக்கும் பாரிசில் தொடங்கிய கனவடிவ ஓவியம்தான் இது என்று சிலர் சொன்னார்கள். க்ராம்ரிஷ் அந்த ஆண்டே ‘ரூபம்’ இதழில் இவரைப் பற்றி எழுதினார். பாரிஸ்காரர்கள் ஒரு பொருளை உடைத்து அதன் பக்கங்களை ஆராய்ந்தார்கள். இவர் உடைத்த வீட்டுக்குள் யாரோ நடமாடுகிறார்கள், ஏதோ ஒரு கதை ஒளிந்திருக்கிறது. என் கண்ணுக்கு இவர் படம்தான் நெருக்கம். நம் ஊர்ப் பழைய கட்டுவீட்டில் மதிய வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியாகத் தூணில் விழுந்து, தாழ்வாரத்தில் ஒடிந்து, படியில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுனயனி தேவி அவனீந்திரநாத், ககனேந்திரநாத் சகோதரர்களின் தங்கை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் படித்தவர் அல்ல. சின்ன வயதில் கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்து, முப்பது வயதுக்குமேல் தூரிகை எடுத்தவர். வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் காகிதத்தில் சிவப்பிலோ கறுப்பிலோ கோடு இழுப்பார், நீர்வண்ணம் பூசுவார், காகிதத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியெடுப்பார். வண்ணம் கலங்கி மங்கிய இடத்திலிருந்து ராதையோ கிருஷ்ணனோ மெல்லக் கண் திறப்பார்கள். அகன்ற கண், மொழுமொழுவென்ற முகம், வங்காளத்து நாட்டுப்புற ஓவியர்களான பட்டுவாக்களும் பொம்மைக்காரர்களும் போடுகிற அதே வளைகோடு. க்ளே குழந்தைகளின் கோட்டைத் தேடித் தேடிப் போனவர். எந்தப் பள்ளிக்கும் போகாத ஒரு குடும்பத்தலைவியின் கோடும், எல்லாப் பள்ளியையும் மறக்க முயன்ற ஒரு வாத்தியாரின் கோடும் ஒரே கண்காட்சியில் சந்தித்தன. இந்தச் சந்திப்பு ஒன்றுக்காகவே 1922 டிசம்பரை நம் பாடநூல்களில் ஏற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கண்காட்சிக்கு க்ராம்ரிஷ் எழுதிய அறிமுகத்தின் சாரம் இதுதான்: இயற்கையை உள்ளபடி நகலெடுப்பதுதான் ஐரோப்பியக் கலை என்று நினைத்துவிடாதீர்கள், கலைஞன் தன் உள்ளத்துக்கு ஏற்ப உருவத்தை மாற்றுவது பழைய இந்தியாவுக்கும் புதிய ஐரோப்பாவுக்கும் பொதுவானது. இதன் கனம் அன்றைய கல்கத்தாக்காரருக்கு நன்றாக உறைத்திருக்கும். ஆங்கிலேயர் நடத்திய கலைப்பள்ளிகள் அதுவரை இந்தியனுக்குச் சொல்லிவந்தது என்ன? உன் சாமிச் சிலைக்கு நாலு கை, உன் படத்தில் தூரம் கிட்டம் தெரியவில்லை, முதலில் உள்ளதை உள்ளபடி வரையக் கற்றுக்கொள். இப்போது ஐரோப்பாவின் ஆகப் புதிய ஓவியர்களே உள்ளதை உள்ளபடி வரைவதைக் கைகழுவிவிட்டு வந்து சுவரில் நிற்கிறார்கள். ஐம்பது வருஷத்துப் பாடம் ஒரே கூடத்துக்குள் செல்லாக்காசாயிற்று. நல்லாருக்குது, நல்லால்லை என்று சொல்லும் தைரியம் பார்வையாளனுக்கு அங்கேதான் பிறந்தது.

இதே ஓவியர்களுக்கு அவர்கள் சொந்த நாடு செய்த மரியாதையையும் சொல்லியாக வேண்டும். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் இழுத்து மூடப்பட்டது. 1937 ஜூலையில் மியூனிக் நகரத்தில் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஹிட்லர் அரசு ஒரு கண்காட்சி திறந்தது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துவந்த சுமார் 650 படைப்புகள். கோணல்மாணலாக மாட்டி, சுவரெல்லாம் கேலி வாசகம் எழுதி, ஜனங்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வைத்தார்கள். க்ளேயின் படங்கள் இருந்தன. காண்டின்ஸ்கியின் படங்கள் இருந்தன. ஃபைனிங்கரும் இருந்தார். இருபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஜெர்மனியின் அருங்காட்சியகங்களில் வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்ட படங்களில் ரவீந்திரநாத் தாகூருடையவையும் உண்டு. அறுபது வயதைத் தாண்டித் தூரிகை எடுத்த தாகூர் 1930இல் பாரிசிலும் பெர்லினிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அப்போது பெர்லின் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த படங்களை 1937இல் நாஜிகள் அகற்றினார்கள். கல்கத்தாவில் மரியாதையாகத் தொடங்கிய சமபந்தி, பெர்லினில் அவமரியாதையிலும் சமபந்தியாகவே முடிந்தது. எந்த அவையில் யாரோடு சேர்த்து ஒருவர் துரத்தப்படுகிறார் என்பதும் வரலாற்றில் ஒரு பெருமைதான்.

மதராசுக்கு என்ன கிடைத்தது? நேராக ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிகள் தெற்கே வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1929இல், அவனீந்திரநாத்தின் மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி மதராஸ் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மெரினாவில் உழைப்பாளர் சிலையைத் தினமும் கடந்துபோகிறோமே, அது அவர் கை வடித்தது. அவருடைய ரசனை வைமார்ப் பக்கம் சாய்ந்தது அல்ல. பெருந்தசையும் பெருமூச்சுமாகப் பாறையைப் புரட்டும் அந்த நால்வரைப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் அவர் பட்டறையில் மாணவர்கள் தங்கள் வழியில் போக இடமிருந்தது. அப்படிப் படித்து வந்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் ஐரோப்பா போய் நவீன ஓவியங்களை நேருக்கு நேர் பார்த்தார். 1957இல் பள்ளித் தலைவரானார். 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியமும் கைத்தொழிலும் ஒன்றாகப் பிழைக்க வேண்டும் என்று துணியில் பத்திக் அச்சிட்டு விற்று, அந்தக் காசில் மனை வாங்கி ஓவியர்கள் குடியேறினார்கள். க்ரோபியஸ் 1919இல் கண்ட கனவுக்கு நம் கடற்கரையில் இப்படி ஒரு தங்கை பிறந்தாள். பணிக்கரின் கதை அடுத்த அத்தியாயம் முழுக்க வரும், ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

2013இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்தில், பௌஹவுஸ் பின்னாளில் இயங்கிய கட்டடத்திலேயே, ‘கல்கத்தாவில் பௌஹவுஸ்’ என்ற கண்காட்சியை நடத்தினார்கள். 91 வருஷம் கழித்து அந்தப் பந்தியை மறுபடி விரித்துப் பார்க்கும் முயற்சி. அதைச் செய்யக் கடிதங்கள் வேண்டியிருந்தன, விலைப்பட்டியல் வேண்டியிருந்தது, எந்தப் படம் எங்கே போனது என்று தேட ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கடிதத்தையும் பட்டியலையும் யாரோ பத்திரப்படுத்தியிருந்ததால்தான் நமக்கு இன்று இந்தக் கதையே தெரிகிறது.

போன மாதம் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையைத் தாண்டிய கூடத்தில், கதவுக்கு மேலே, எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஒரு பெரியவரின் படம். தலைப்பாகை, காதில் கடுக்கன். முகம் கறுத்து, கண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சட்டத்தை இறக்கித் திருப்பிப் பார்த்தோம். பின்பலகையைக் கரையான் கால்வாசி தின்றிருந்தது. வலது கைக் கீழ் மூலையில் கையெழுத்து இருந்த இடம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. விசேஷ நாட்களில் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம் என்று வீட்டு அம்மா சொன்னார். பக்தியோடு செய்த காரியம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வண்ணம் அந்தத் துணியோடு போயிருக்கிறது. யார் வரைந்த படம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நாமக்கல், மோகனூர், சேந்தமங்கலம், ராசிபுரம், கரூர் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமலிங்கம் பிள்ளை இந்தச் சீமையில் படம் எழுதியே குடும்பம் நடத்தியவர். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கையால் வரைந்த பழைய எண்ணெய் ஓவியம் இருந்தால், அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, யாருடையதானாலும் சரி, அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள், பொட்டும் வைக்காதீர்கள். நேர் வெயில் படாத சுவரில், கரையான் ஏறாதபடி சுவருக்கும் சட்டத்துக்கும் விரற்கடை இடைவெளி விட்டு மாட்டுங்கள். மூலையில் உள்ள கையெழுத்தையும், படத்தின் முன்புறம் பின்புறம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த வருஷம், யார் சொல்லித் தெரியும் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி, இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.